ரீச்சரின் புத்தகமும் கணக்கில் வராத பூனையும்

உவர்மலை ரீச்சர் கொண்டுவந்து மேசையில் வைத்த பொருளைப் புத்தகம் என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். பழைய சேலைக் கரையால் கட்டிய ஒரு தாள்கட்டு. அட்டை இல்லை, முதுகு இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. கட்டை அவிழ்த்ததும் மேசையெல்லாம் பழுப்புத் தூள் கொட்டியது.

"தம்பி, இது அப்பா பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கில வாசிப்புப் புத்தகம். எப்படியாவது கட்டித் தாருங்கள். அடுத்த மாதம் பேத்தி வருகிறாள்," என்றார். அவருடைய தகப்பனார் 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை அவர்களுடைய பட்டறையில் வேலை பார்த்தவர். வீடு மாறியபோதெல்லாம் இந்தத் தாள்கட்டும் கூடவே மாறியிருக்கிறது.

நான் தொழில்முறைப் பைண்டர் அல்லன். பிரதான வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவன். இளவயதில், கடைக்கு வேண்டிய பேரேடுகளை வெளியில் கொடுத்துக் கட்டுவது கட்டுப்படியாகாமல் ஓர் அச்சகத்துப் பெரியவரிடம் தையலும் ஒட்டும் பழகினேன். கடையை மூடிய பிறகு கை சும்மா இருக்க மறுத்ததால் பின்னறையில் பழைய புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எலும்புக் கத்தி, இரண்டு ஊசி, சவரத் தூரிகை ஒன்று, கடையில் துணி அளந்த பித்தளை முனைக் கோல், நிறைக்கு நாலு செங்கல். இவ்வளவுதான் பட்டறை.

கட்டை முழுதாகப் பிரித்ததும் நோய் தெரிந்தது. மலிவுப் பதிப்புப் பாடநூல்களை அந்தக் காலத்தில் நூலால் தைக்காமல் கம்பியால் தைத்தார்கள். லண்டனில் அது இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கும். மூன்று பக்கமும் உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரில் இரும்புக் கம்பிக்கு என்ன ஆயுள்? எட்டுத் தாளைச் சேர்த்து மடித்த அடுக்கைப் பாரம் என்போம். ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் இரண்டு கம்பி. இரண்டும் துருவாகி, சுற்றியிருந்த தாளையும் தின்று, வெற்றிலைத் துப்பல் போன்ற கறையை எட்டுத் தாளுக்கும் கடத்தியிருந்தன. பத்துப் பாரம், 160 பக்கம், இருபது கம்பி. கறையான் செய்ததைவிடக் கம்பி செய்த சேதம் அதிகம்.

கம்பியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். பாரத்தை விரித்து வைத்து, கம்பியின் காலுக்கு அடியில் பால்மாப் பேணியில் வெட்டிய மெல்லிய தகரத் துண்டு ஒன்றைச் செருகி, தாளைக் காப்பாற்றிக்கொண்டு, மொட்டைக் கத்தியால் காலை நிமிர்த்தவேண்டும். பாதிக் கம்பிகள் நிமிர்த்துமுன்பே பொடிந்துபோயின. அவை நல்லவை. முழுதாக நின்றவைதான் தொல்லை கொடுத்தன. இரண்டு மாலை இதிலேயே போயிற்று. பிறகு சவரத் தூரிகையால் ஒவ்வொரு மடிப்பாகத் தூசு தட்டினேன். இராமபாணப் பூச்சி ஒன்று 90ஆம் பக்கத்திலிருந்து இறங்கி, எனக்கு முன்பே குடியிருந்தவன் என்ற தோரணையில் மேசையைக் கடந்து போனது.

எண்ணிப் பார்த்தபோது நாலாம் பாரத்தில் ஒரு தாள் குறைந்தது. 49 முதல் 64 வரை அந்தப் பாரம். 61-62 இல்லை. பாரம் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த நாலு இரட்டைத் தாள். ஆகவே ஒன்று போனால் அதன் சோடி அநாதையாகிவிடும். 51-52 எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்தது. போன தாள் எந்தக் கதையில் என்று பார்க்க 57ஆம் பக்கத்திலிருந்து வாசித்தேன். டிக் விட்டிங்டனும் பூனையும்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தாய் தகப்பன் இல்லாத ஏழைப் பையன், லண்டன் தெருவெல்லாம் தங்கம் என்று கேள்விப்பட்டுப் போகிறான். ஒரு வணிகர் வீட்டில் அடுப்படி வேலை. எலித் தொல்லைக்கு ஒரு பென்னி கொடுத்துப் பூனை வாங்குகிறான். முதலாளியின் கப்பல் புறப்படும்போது அவனவன் தன் பங்குக்குச் சரக்கு ஏற்ற, இவனிடம் இருப்பது பூனைதான், அதை ஏற்றுகிறான். இந்த இடத்தில் 60ஆம் பக்கம் முடிகிறது. 63ஆம் பக்கம் தொடங்கும்போது கப்பல் பொன்னோடு திரும்பிவிட்டது, பையன் பணக்காரன். முதலாளியின் மகளைக் கட்டி, மூன்று முறை லண்டன் மேயராகிறான். நடுவில் பூனை எந்த நாட்டில் எந்த அரசனுக்கு விலைபோனது என்பது முழுவதும் அந்தத் தாளோடு போய்விட்டது. சரக்கு போனதும் தெரிகிறது, காசு வந்ததும் தெரிகிறது, விற்ற சிட்டை மட்டும் இல்லை. முப்பது வருடம் கணக்கு எழுதினவனுக்கு இதைவிட அரிப்பு வேறு வேண்டுமா?

லண்டனில் இருக்கும் தங்கையின் மகனிடம் இரவு தொலைபேசியில் சொன்னேன். "மாமா, அந்தப் பூனைக்கு நான் போகும் பஸ் பாதையில் சிலையே இருக்கிறது," என்று மறுநாள் படம் அனுப்பினான். ஹைகேட் குன்றின் அடிவாரத்தில், இரும்புக் கிராதிக்குள் ஒரு கல். மேலே கறுப்புப் பூனை, தலையைத் திருப்பி நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலை வீட்டை விட்டு ஓடிப்போன பையன் அங்கே நின்றுதான், மேயராவாய் என்று சொல்வதுபோன்ற மணியோசை கேட்டுத் திரும்பினானாம். கல் வைத்தது 1821இல். பூனை உட்கார்ந்தது 1964இல். ஆள் இறந்ததோ 1423இல். கல்லுக்கும் ஆளுக்கும் நாலு நூற்றாண்டு இடைவெளி என்றதும்தான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. பசை ஆறும் நேரமெல்லாம் அந்த மனிதரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

ரிச்சர்ட் விட்டிங்டன் உண்மையான ஆள். அநாதையும் அல்லர், அடுப்படிப் பையனும் அல்லர். குளொஸ்டர்ஷயரில் பான்ட்லி என்ற ஊரில், நிலபுலம் உள்ள ஒரு நைட் பிரபுவின் கடைசி மகன். அந்த நாட்டு வழக்கப்படி காணி மூத்தவனுக்கு, இளையவன் தன் வழியைப் பார்க்கவேண்டியதுதான். லண்டனுக்குத் தொழில் பழக அனுப்பினார்கள். என்ன தொழில் தெரியுமா? துணி. மெர்சர் என்று அவர்கள் சொல்வது பட்டும் வெல்வெட்டும் சரிகைத் துணியும் விற்கும் வணிகரை. அட, எங்கள் ஆள்! எழுந்துபோய் ஒரு பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இனி மடிப்புகள். துரு தின்ற மடிப்பில் மறுபடி ஊசி குத்த முடியாது. ஒவ்வோர் இரட்டைத் தாளின் முதுகிலும் மெல்லிய தாளால் ஒரு பட்டி ஒட்டவேண்டும். இதற்கென்று ஜப்பானில் செய்யும் தாள் எனக்குக் கிடைப்பதில்லை. புடவைப் பெட்டிகளில் மடிப்புகளுக்கு நடுவே வைத்து வரும் வெள்ளை மென்தாள் கட்டுக்கட்டாக என்னிடம் கிடக்கிறது. அதைத்தான் எடுத்தேன். பட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது. கோலை வைத்து, ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் மெதுவாகக் கிழிக்கவேண்டும். கிழித்த ஓரத்தில் நார் மயிர்போலப் பிரிந்து நிற்கும். அந்த மயிர்தான் பழைய தாளோடு படிந்து போகும். வெட்டிய ஓரம் படிக்கட்டுப் போல நின்று, நாளைக்கு அந்த இடத்திலேயே தாளை முறிக்கும்.

பட்டியைக் கிழிக்கும்போது திசை பார்க்கவேண்டும். துணிக்குப் பாவும் ஊடையும் இருப்பதுபோல் ஆலைத் தாளுக்கும் ஓட்டம் உண்டு. நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் படுத்திருக்கும். அந்த வாக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். ஈரம் பட்டால் தாள் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் விரியும். தாளோ அட்டையோ, ஓட்டம் புத்தகத்தின் முதுகு வாக்கில் நிற்கவேண்டும். நின்றால் புத்தகம் வாழையிலை போல விரியும். இல்லாவிட்டால் அப்பளம் போல நெளியும். கடையில் இதைப் பாவு பார்த்து வெட்டுவது என்போம். இங்கேயும் அதே கண்தான்.

பசை கோதுமை மாப் பசை. ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் விடாமல் கிண்டி, வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, மல் துணியில் வடித்து ஆறவிடவேண்டும். என் குருநாதர் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார். பேரேட்டுக்கு அது சரி, ஐந்து வருடம் இருந்தால் போதும். நாள்பட்ட தாளுக்கு அது நல்லதில்லை என்று நான் துத்தத்தை விட்டு, இரண்டு துளி கராம்பு எண்ணெய் மட்டும் விட்டேன். அந்தத் தீர்மானத்துக்காக இரண்டு நாள் கழித்துக் கோணேசருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

நடந்தது இதுதான். மேலட்டைக்கு 2 மில்லிமீற்றர் ஸ்ட்ரோபோர்ட், அதாவது வைக்கோல் அட்டை, இரண்டு வெட்டி, இரு பக்கமும் பசை போட்டுத் தாள் ஒட்டி, முற்றத்து நிழலில் சாத்தி வைத்தேன். கச்சான் காற்று வீசும் காலம், ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். திருகோணமலைக்கு வராதவர்களுக்குச் சொல்லவேண்டும்: எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். கோட்டைக்குள் நின்ற புள்ளிமான்கள் பெருகி, பஸ் நிலையம், சந்தை, கடற்கரை என்று எங்கும் மேயும். வாழைப்பழத் தோலும் அட்டைப் பெட்டியும் அவற்றுக்கு ஒன்றுதான். திரும்பி வந்தபோது படலை திறந்து கிடந்தது. கொம்பு முளைக்காத ஒரு கிடாய், ரீச்சரின் மேலட்டையில் கால்வாசியை முடித்துவிட்டு மிச்சத்தில் பசையை நக்கிக்கொண்டிருந்தது. விரட்ட மனம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். துடைப்பத்தோடு ஓடினேன், அதுதான் உண்மை. துத்தம் போட்டிருந்தால் அந்தப் பாவம் என் தலையில் விழுந்திருக்கும்.

சாப்பிட்ட அட்டை சாப்பிட்டதுதான். புதிதாக வெட்டினேன். இந்த முறை உள்ளறையில், பலகைக்கு நடுவே, செங்கல் ஏற்றி, இரவு முழுதும். பார்க்கப்போனால் மான் எனக்கு உபகாரம்தான் செய்தது. கச்சானில் அவ்வளவு விரைவாகக் காய்ந்த அட்டை எப்படியும் வளைந்திருக்கும்.

தையலுக்கு முன் நூலுக்குத் தேன்மெழுகு. மெழுகுக் கட்டியில் நூலை மூன்று தரம் இழுத்தால் அது உப்பாமல், முடிச்சு விழாமல், மடிப்புக்குள் வழுக்கிப் போகும். மடிப்புக்கு ஆறு துளை. தலையிலும் காலிலும் ஒவ்வொன்று, நடுவில், முதுகுக்குக் குறுக்கே வைத்துத் தைக்கும் இரண்டு நாடாக்களின் இரு பக்கத்துக்கும் நாலு. பழைய கம்பித் துளைகளைத் தவிர்த்து, பட்டி ஒட்டிய நல்ல இடத்தில் குத்தினேன். முதல் பாரத்தை மேசை விளிம்பில் வைத்து, வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே, நாடாவைத் தாண்டி மறுபடி உள்ளே என்று நூல் போகும். கடைசித் துளையில் வெளியே வந்ததும் அடுத்த பாரத்தை மேலே வைத்துத் திரும்பி வரவேண்டும். மூன்றாம் பாரத்திலிருந்து ஒவ்வொரு முனையிலும், கீழே உள்ள இரண்டு பாரத்துக்கும் இடையில் ஊசியை விட்டு நூலுக்கு அடியால் ஒரு சுற்று எடுத்து இறுக்கவேண்டும். அந்தச் சுற்றுத்தான் பாரத்தைப் பாரத்தோடு கோக்கிறது. இழுக்கும்போது நூலை மடிப்பின் வாக்கிலேயே இழுக்கவேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அரிவாள் மாதிரித் தாளை அறுத்துவிடும். ஏழாம் பாரத்தில் அப்படி ஒன்று அறுந்தது. பிரித்து, புதிதாகப் பட்டி ஒட்டி, ஒரு நாள் காத்திருந்தேன்.

காத்திருந்த அந்த நாளில்தான் விட்டிங்டனின் வியாபாரம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அவருடைய பெரிய வாடிக்கையாளர் அரசன் இரண்டாம் ரிச்சர்ட். 1392க்கும் 1394க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 3,500 பவுணுக்கு அரண்மனைக்குத் துணி விற்றிருக்கிறார். அந்தக் காலத்தில் அது ஒரு மலை. அரண்மனைக்கு ரொக்கத்துக்கா விற்றிருப்பார்? கடை வைத்தவனுக்குத் தெரியும். சின்ன ஆள் கடன் கேட்டால் இல்லை என்று சொல்லலாம், பெரிய இடம் கேட்டால் சொல்ல முடியாது. பெரிய இடத்துக் கடனைக் காசாகத் திருப்பி வாங்கவும் முடியாது, சலுகையாகத்தான் வாங்கவேண்டும். விட்டிங்டன் அப்படியே செய்தார். துணி கொடுத்தார், பணமும் கடனாகக் கொடுத்தார், பதிலுக்குத் தீர்வை இல்லாமல் கம்பளி ஏற்றுமதி செய்யும் உரிமை போன்றவற்றை வாங்கிக்கொண்டார். 1399இல் ரிச்சர்ட் அரியணை இழந்தபோது இவருக்கு ஆயிரம் பவுண் வரை பாக்கி. வேறு வணிகன் என்றால் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவரோ அடுத்து வந்த நாலாம் ஹென்றிக்கும் ஐந்தாம் ஹென்றிக்கும் கடன் கொடுத்தார். நாலாம் ஹென்றி அரசனாவதற்கு முன்பே இவர் கடைக்கு வந்துபோனவர்தான். எந்தக் கட்சி வந்தாலும் கடை திறந்திருக்கும் என்பது லண்டனிலும் பழைய பாடம் போலிருக்கிறது.

மேயர் பதவிக்கும் அவர் மணியோசை கேட்டு வரவில்லை. லண்டனுக்கு மேயர் என்று ஒருவர் வந்தது 1189 அளவில், ஹென்றி ஃபிட்ஸ்-ஏல்வின் என்பவர். அதற்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியவர் விட்டிங்டன். 1393இல் ஆல்டர்மன் என்ற நகர மன்ற மூத்த உறுப்பினர், அதே ஆண்டு ஷெரிப் என்ற நகர அதிகாரி. 1397 ஜூனில் மேயராக இருந்த அடம் பாம் பதவியிலேயே இறந்துபோக, அரசன் தானே விட்டிங்டனை அந்த நாற்காலியில் ஏற்றினான். தேர்தல் இல்லை, நியமனம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1392இல், நகரத்தின் உரிமைகளை அரசன் பறித்து வைத்திருந்தான். புது மேயர் சில நாட்களுக்குள் பேசி முடித்து, 10,000 பவுணுக்கு அவற்றை நகரம் திரும்ப வாங்க வழிசெய்தார். விலை பேசுவது அவர் தொழில்தானே. அந்த ஆண்டு ஒக்டோபர் 13இல் நகரத்தார் தாங்களே அவரைத் தெரிந்தெடுத்தார்கள். பிறகு 1406, 1419. கதை மூன்று முறை என்கிறது. நியமனத்தையும் சேர்த்தால் நாலு.

கதையில் உள்ளபடி மனைவி பெயர் அலிஸ்தான், ஃபிட்ஸ்வாரின் குடும்பம்தான். ஆனால் அவள் தகப்பன் டோர்செட்டில் நிலம் வைத்திருந்த நைட், இவருக்கு முதலாளி அல்லன். பிள்ளை இல்லை, மனைவியும் முந்திவிட்டாள். கிட்டத்தட்ட 7,000 பவுண் சொத்தையும் ஊருக்கே எழுதிவிட்டுப் போனார். அதை நிறைவேற்றியவர்களில் முக்கியமானவர் நகரச் செயலாளர் ஜோன் கார்ப்பென்டர். நியூகேட் சிறையைத் திருப்பிக் கட்டினார்கள். நகர மன்றமான கில்ட்ஹாலில் நூலகம். ஏழைகள் பதின்மூன்று பேருக்கு ஒரு விடுதி. அந்த அறக்கட்டளையை மெர்சர் வணிகர் சங்கம் இன்றும் நடத்துகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கழிப்பறை. தேம்ஸ் கரையோரம், 128 இருக்கை, ஆணுக்கு 64, பெண்ணுக்கு 64, நீண்ட இரண்டு வரிசை. ஆற்றில் வற்றும் பெருக்கும் வரும்போது தண்ணீரே அடித்துக் கழுவிப் போகும். எங்கள் குடாவில் இது நடக்காது, கடல் இரண்டடி ஏறுவதே பெரிய காரியம். ஆனால் நகரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்த ஆளுடைய யோசனை. சந்தைக்கு வரும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாத ஊரில் கடை வைத்திருந்தவன் நான், அதன் அருமை எனக்குத் தெரியும்.

பூனை? எந்தக் கணக்கிலும் வரவில்லை. இறந்து 180 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 1605இல் விட்டிங்டன் பற்றி ஒரு நாடகத்துக்கு அனுமதி வாங்குகிறார்கள், 1612இல் ஒரு கதைப்பாடல் வருகிறது. அப்போதுதான் பூனை ஏறுகிறது. பூனையால் பணக்காரனான கதை வேறு நாடுகளிலும் உண்டு. எங்கள் பக்கத்துக்கு அதன் மாற்றுரு எலி. பௌத்த ஜாதகக் கதையில் வரும் இளைஞன் தெருவில் கிடந்த செத்த எலியை ஒரு பூனைக்குத் தீனியாக விற்று, அந்தக் காசில் தொடங்கிச் செட்டியாகிறான். கைமுதல் கூடப் போடாமல் தொடங்கிய நேர்மையான கணக்கு அது. எனக்கு அதுதான் உசத்தி.

தாளுக்கு வருகிறேன். 61-62க்குப் புதுத் தாள் செய்து, அதன் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, அநாதை 51-52ஓடு பட்டி போட்டு இரட்டையாக்கவேண்டும். முதலில் வெள்ளைத் தாளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் கொடியில் காயப்போட்டேன். இரண்டு தரம் தோய்த்ததும் நிறம் அச்சாக வந்துவிட்டது. பக்கத்தில் வைத்தால் எது பழையது எது புதியது என்று எனக்கே சட்டெனத் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அன்றிரவு வாசித்த ஒரு செய்தி அந்தப் பெருமையைக் கெடுத்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெனல்ட் எல்ஸ்ட்ராக் என்ற சிற்பி விட்டிங்டனின் உருவத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். முதலில் அவர் கை ஒரு மண்டையோட்டின் மேல் இருந்தது. வாங்க ஆள் வரவில்லை. மண்டையோட்டைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் பூனையைச் செதுக்கினார்கள். படம் விற்றது. கை அப்படியே இருக்கிறது, கைக்குக் கீழே இருப்பது மட்டும் மாறிவிட்டது. ஒட்டுத் தெரியாத ஒட்டு. அந்தத் தேயிலைத் தாளைக் கொடியிலிருந்து எடுத்து லாச்சியில் போட்டுவிட்டேன்.

கடையின் கடைசிப் பேரேட்டில் எழுதாத பக்கங்கள் மிச்சம் இருந்தன. நல்ல கனத் தாள், சிவப்புக் கோட்டில் பற்று வரவுக் கட்டங்கள். ஓட்டம் பார்த்து ஒன்றை வெட்டினேன். ரீச்சரிடம் காட்டியபோது முகம் மாறியது.

"தம்பி, இது ஒட்டுப்போட்டது என்று குருடனுக்கும் தெரியும்."

"தெரியட்டும் ரீச்சர்."

"பூனையை எங்கே எழுதப் போகிறீர்கள்? பூனை கப்பல் ஏறி விற்கப்படாவிட்டால் பேத்தி 63ஆம் பக்கத்தை எப்படி வாசிப்பாள்?"

அது நியாயமான கேள்வி. பேச்சு நீண்டது, தேநீர் இரண்டு முறை வந்தது. கடைசியில் 61இல் கதை, 62இல் கணக்கு என்று உடன்பட்டோம். 61ஆம் பக்கத்தில் பார்பரி நாட்டு அரசனுடைய விருந்தில் எலிகள் பாய்ந்ததையும், பூனை அவற்றை முடித்ததையும், அரசன் பொன்னை அள்ளிக் கொடுத்ததையும் ரீச்சர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். மறுபக்கத்தில் மனிதருக்குப் பேரேடு திறந்தேன். இடப்பக்கம் வரவு: அரண்மனைக்கு விற்ற பட்டும் சரிகையும், கம்பளித் தீர்வை விலக்கு. வலப்பக்கம் செலவு: மூன்று அரசர்களுக்குக் கடன், சிறை, நூலகம், ஏழைகள் விடுதி, கழிப்பறை 128 இருக்கை. அடியில் பூனை என்று எழுதி இரண்டு கட்டத்திலும் கோடு போட்டேன்.

மீதி வேலை விரைவாக முடிந்தது. முதுகுக்கு மல் துணி, அதன்மேல் தாள். பக்கங்களைத் தொடும் எல்லா இடத்திலும் மாப் பசை. வேண்டுமானால் நாளைக்கு ஒருவர் தண்ணீரால் நனைத்துப் பிரித்துக்கொள்ளலாம். தச்சரின் வெள்ளைப் பசையை அட்டைக்கு மட்டும் வைத்தேன், அது ஒட்டினால் ஒட்டினதுதான். மேல் துணிக்கு ரீச்சர் கட்டிக்கொண்டு வந்த அந்தச் சேலைக் கரையையே கேட்டு வாங்கி, அடியில் தாள் ஒட்டி விறைப்பாக்கி, முதுகுக்குப் போர்த்தினேன். கைத்தறிப் பருத்தி, அரக்குச் சிவப்பு, பாவு வாக்கில் நேராக நிற்கிறது. பட்டிகளால் முதுகு கொஞ்சம் தடித்துவிட்டது, புத்தகம் மூடினால் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கிறது. இன்னும் மெல்லிய நூல் எடுத்திருக்கவேண்டும். அடுத்த முறை.

ஒரு வாரம் செங்கல்லுக்கு அடியில் இருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ரீச்சர் விரித்துப் பார்த்தார், 61ஐ வாசித்தார், 62ஐ வாசித்தார். கழிப்பறை வரியில் விரல் நின்றது. பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்தார். நான் "கழிப்பரை" என்று எழுதியிருந்தேன். "ரை"யை வெட்டி, மேலே "றை" என்று தெளிவாக எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனார்.